பச்சை ஒயர்

பெட்டிய எதுக்குங்க தம்பி மடியில வெச்சுட்டுச் சிரமப்படறீங்க? சீட்டுக்கு அடியில தள்ளுங்க. தாராளமாப் போகும். இதே சென்னிமலை ஈரோடு ரோட்டுல இருபத்தெட்டு வருசம் கண்டக்டரா இருந்தவன் சொல்றேன், போகும். ஆங், அப்படித்தா.

உள்ள என்னுங்க, கரண்டு அடுப்பா? அதானே, படம் போட்டிருக்குதே. கரண்டு அடுப்பப் பாத்தாவே இப்பெல்லாம் எனக்குப் பயமுங்க. சிரிக்காதீங்க. உங்கூட்டுல எர்த் இருக்குதுங்களா? இருக்கும்னு நெனைக்கறேன்னெல்லாம் சொல்லக் கூடாதுங்க. ஆளைக் கூட்டியாந்து பாக்கோணும். பிளக்குல மூணு காலு இருக்குமில்லீங்க, மேல ஒண்ணு குண்டா இருக்கும், அதுதா எர்த்து. அது போயிச் சொருகற ஓட்டைக்குப் பின்னால ஒரு பச்சை ஒயர் இருக்கோணும். அந்த ஒயர் மண்ணுக்குள்ள போயிருக்கோணும். அடுப்போட ஒடம்புல கரண்டு எறங்குச்சுன்னா நம்ம ஒடம்பு வழியாப் போகாம அந்தப் பச்சை ஒயர் வழியா மண்ணுக்குப் போயிருமுங்க. அதுக்குத்தா அது.

பாத்தீங்களா, எலக்ட்ரீசியனாட்டம் பேசறேன். எல்லாம் ஒருத்தி சொல்லிக் குடுத்தது. கோகிலவாணின்னு பேரு. ஐ.டி.ஐ. படிச்சு லைசென்ஸ் வாங்குன பொம்பள எலக்ட்ரீசியன். எங்கூட்டுல கரண்டு அடுப்பு மாட்டிக் குடுத்தது அவதா. இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஈரோட்டுல அவ மேல விசாரணைங்க. லைசென்ஸ் இருக்குமா போகுமான்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும். சாட்சி நானும் என்ற சம்சாரமும். அங்கதாம் போயிட்டிருக்கறம்.

சம்சாரம் முன்னால இருக்கறா. லேடீஸ் சீட்டுல மூணாவது வரிசை, ஊதாச் சேலை. வலது கையில முழங்கை வரைக்கும் வெள்ளத் துணி சுத்தியிருக்குதுங்களே, அவதா. தேவகி. மெதுவாவே பேசறேன், அவளுக்குக் காது கூர்மை. எனக்கு மெதுவாப் பேசியும் பழக்கமில்ல. பின்னால படிக்கட்டுல இருந்து முன் படிக்கட்டு வரைக்கும் கேக்கற மாதிரிக் கத்தியே பொழப்பு போச்சு. என்ற கொரல் ஏறுச்சுன்னா ஒரு கை காட்டுங்க.

அவ எங்கூடப் பேசி இருபத்தஞ்சு நாளாச்சுங்க. சோறு போடறா, மருந்து எடுத்துக் குடுத்தா முழுங்கிக்கறா, பேச்சு மட்டும் இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல. கை எரிச்சலா இருக்கும். வேற என்ன இருக்குது?

நாயத்தைச் சொல்லுங்க தம்பி. அந்த அடுப்பே அவளுக்காக வாங்குனதுதா. அவளுக்கு காஸ் அடுப்புன்னா பயம். பழைய வாடகை ஊட்டுல பக்கத்து ஊட்டு சிலிண்டர் கசிஞ்சு சேலையில தீப்புடிச்சத நேர்ல பாத்தவ. லேசா வாசம் வந்தாப் போதும், கதவு சன்னலெல்லாம் தொறந்து போட்டுட்டு வாசல்ல போயி நின்னுக்குவா. நா ரிட்டையர்டு ஆகி சென்னிமலையில ஊடு கட்டறேன்னதும், கத்தாருல இருக்கற என்ற பையன் நவநீதன் சொன்னான், அம்மாவுக்கு காஸே வேண்டாம், நா இங்கிருந்து கரண்டு அடுப்பு அனுப்பறேன்னு. கப்பல்ல போட்டு உட்டான். அடுப்புன்னா அடுப்பு இல்லீங்க, பீரோவுல பாதி. மேல நாலு வட்டம், கீழ கேக்கு சுடற பொட்டி. நாலு பேரு சேந்து தூக்கி வெச்சோம். வெச்சுப் பாத்தா பிளக்கே இல்ல. பின்னால ஒயரை மாட்ட மரையாணி மட்டும் இருக்குது. ஊட்டுக்கு ஒயரிங் பண்ணின ஆளு வந்து பாத்துட்டு, அடுத்த வாரம் வர்றேன், அடுத்த வாரம் வர்றேன்னு நழுவிட்டான். அப்பறம் எலக்ட்ரிக்கல் கடைக்காரருதா இந்தப் புள்ளயோட நம்பரக் குடுத்தாரு.

வந்தா. மொபெட்டுல, முப்பத்தாறு முப்பத்தேழு வயசிருக்கும், தோள்ல ஒரு பை. காலுல ரப்பர் சூ. புது ஊடு, இன்னும் பால் கூடக் காய்ச்சலை, சமையக்கட்டுக்குள்ள சூவோட வர்றா. கழட்டிட்டு வாம்மான்னேன். "கழட்டினா வேலை செய்ய மாட்டேனுங்கய்யா"ன்னுட்டா. மொகத்துக்கு நேரா! எனக்குச் சுருக்குனுச்சு. தேவகிதா கண்ணக் காட்டினா, உடுங்கன்னு.

ஆனா வேலைக்காரிங்க. அத நா மறைக்கலை. மெயின் போர்டுல இருந்து அடுப்புக்குன்னே தனி லைன் இழுத்தா, வெரல் தண்டி ஒயரு. பழைய லைன்ல மாட்டுனா சுவத்துக்குள்ளயே ஒயர் உருகிரும்னா. அடுப்புக்கு நேர் மேல சுவிட்ச் வைன்னு நாஞ்சொன்னேன், பாக்க லட்சணமா இருக்கும்னு. "தீ புடிச்சா அந்தத் தீயத் தாண்டியா கைய நீட்டுவீங்க?"ன்னு கேட்டுட்டு, நாலடி தள்ளி வெச்சா. அடுப்பு முன்னால கவுறாம இருக்கப் பின்னால சுவத்தோட கொக்கி அடிச்சா. தேவகி நிக்கற எடத்துல ரப்பர் மேட்டு. இத்தனையும் பண்ணிட்டு, கடைசியா அந்தப் பச்சை ஒயர அடுப்போட ஒடம்புல முடுக்குனா. பல்லு வெச்ச வாஷர் ஒண்ணப் போட்டு, அதுக்கு மேல ஸ்க்ரூ. "இது லேசுல கழண்டுக்காதுங்கம்மா"ன்னு தேவகியக் கூப்புட்டுக் காட்டுனா. எனக்குக் காட்டலை பாருங்க. ஊட்டுக்காரன் நா நிக்கறேன்.

சரி, சுவிட்சப் போட்டா. பட்டுனு ஊடே ஆஃப் ஆயிருச்சு. ட்ரிப் விழுந்துருச்சு. ட்ரிப்புன்னா தெரியுமில்லீங்க, போர்டுல இருக்கும், கரண்டு எங்கியாச்சும் தப்பான வழியில கசிஞ்சா அதுவே டப்புனு அமந்துக்கும். தூக்கி உட்டா மறுபடியும் விழுகுது. அவ ஒரு மீட்டர வெச்சுப் பாத்துட்டுச் சொன்னா, மூணு மாசமாக் கப்பல்லயும் குடோன்லயும் கெடந்ததுல சூடாகற சுருளுக்குள்ள ஈரம் ஏறியிருக்குதுன்னு. சித்தசித்தமாச் சூடு பண்ணிக் காய வெக்கோணும், நாலு நாளாகும், அதுக்கும் சரியாகலைன்னா சுருளையே மாத்தோணும்னா.

அன்னிக்குப் புதன்கெழமைங்க. வெள்ளிக்கெழமை காலைல ஆறுல இருந்து ஏழரைக்குள்ள பால் காய்ச்சறம். ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. சம்மந்தி ஊட்டுல இருந்து வேன் போட்டு வர்றாங்க. அவங்ககிட்ட நா என்ன சொல்லி வெச்சிருக்கறேன்? எங்கூட்டுல சிலிண்டரே கெடையாது, எல்லாம் கரண்டு, பட்டனத் திருப்புனாப் பால் பொங்கும்னு சொல்லி வெச்சிருக்கறேன். இவ சொல்றா, "பாலு மட்டும் மூணு செங்கல்ல வெச்சுப் பொங்க வெய்யுங்கய்யா, எல்லாரும் அப்படித்தான செய்யறாங்க"ன்னு. நல்லாத்தா இருக்கும்! பீரோவாட்டம் அடுப்ப நிறுத்தி வெச்சுட்டு செங்கல்லுல ஊதறதா?

வியாழக்கெழமை காலைல வந்து மறுபடி பாத்தா. விழுந்துச்சு. "ட்ரிப் விழறது கோளாறு இல்லீங்கய்யா. கோளாறு இருக்குதுன்னு அது சொல்லுது. அத அடக்கீராதீங்க"ன்னா. நா சொன்னேன், ஏம்மா, விசிலடிச்சு பஸ்ஸ நிறுத்துனவன் நான், எனக்கே நீ எப்ப நிறுத்தறதுன்னு சொல்லித் தர்றியான்னு. சிரிச்சா. சிரிச்சுட்டு, அடுப்பு சுவிட்ச ஆஃப் பண்ணி, மேல டேப் ஒட்டி, பேனாவுல எழுதுனா. 'தொட வேண்டாம். கோகிலவாணி.' என்ற ஊட்டு சுவிட்சுல எனக்கு எழுதி ஒட்டிட்டுப் போறா தம்பி! நாயமுங்களா?

இருங்க, அவ திரும்பிப் பாக்கறா. இல்ல, சன்னலச் சாத்தறா. ஒத்தைக் கையில சாத்த முடியல பாருங்க. பக்கத்துல இருக்கற அம்மிணி சாத்தி உடறாங்க. சரி.

வெள்ளிக்கெழமை காலைல ஆறேகாலுக்கு சுவிட்சப் போட்டேன். ட்ரிப் விழலை. ஓடுச்சு. வட்டம் செவசெவன்னு ஆகுது, சம்மந்தி எட்டி எட்டிப் பாக்கறாரு. கோலம் போடோணும்னு ரப்பர் மேட்டச் சுருட்டி வெச்சிருந்தோம். தரையெல்லாம் கழுவி ஈரம். தேவகி தலைக்குக் குளிச்சுட்டு ஈரக் காலோட வந்து நின்னு பானைய வெச்சா. பையன் லீவு கெடைக்காம அங்கிருந்தே போன்ல பாத்துட்டிருக்கறான். அறுவது பேரு. பால் ஏறுது. ஏறுது, ஏறுது, வெளிம்புக்கு வருது. நாஞ்சொன்னேன், தேவகி, கெழக்கால பொங்கோணும், பானையச் சித்த சாச்சுப் புடின்னு. அவ வலது கையில துணியப் புடிச்சுப் பானையச் சாச்சா. சாயறதுக்குத் தோதா, எடது கைய அடுப்பு வெளிம்புல ஊணுனா.

ஒரு சத்தம் போட்டா தம்பி. மனுசச் சத்தமாவே இல்ல. கை வெடுக்குனு இழுத்துச்சு, பானை அப்படியே கவுந்து கொதிக்கற பாலு அத்தனையும் அவ கையில. அந்தச் சனியம் புடிச்ச ட்ரிப்பு அப்பத்தா விழுந்துச்சு! வேணுங்கறப்ப விழாம, எப்ப விழுந்துச்சு பாருங்க. நல்ல நேரத்துல ஊடே இருட்டு. எல்லாரும் ஐயோ கரண்டு போச்சுன்னு அதத்தா மொதல்ல சொன்னாங்க. அவ கீழ கெடந்தா.

டாக்டரு கேட்டாரு, ஷாக் எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள உட்டுருச்சுங்கன்னு சொன்னேன். அதான் பொழச்சாங்கன்னாரு. எல்லாம் சென்னிமலை ஆண்டவர் புண்ணியம். கைதா போச்சு. தொடையில தோல எடுத்து ஒட்டியிருக்குது. ரெண்டு வெரலு மடங்கறதில்ல.

அன்னிக்கு மத்தியானம் நா மாத்துத் துணி எடுக்க ஊட்டுக்கு வந்திருந்தப்பவே கோகிலவாணி ஓடியாந்தா. சூவக் கழட்டக் கூட இல்ல, நானும் ஒண்ணுஞ்சொல்லலை. அடுப்பத் தள்ளிப் பின்னால பாத்தா. பச்சை ஒயரு இருக்குது. சுவிட்சப் போட்டா. பட்டுனு ட்ரிப் விழுகுது. திரும்பப் போட்டா, திரும்ப விழுகுது. "இப்ப விழறது காலைல ஏனுங்கய்யா விழலை? எர்த்து இருந்தா ஷாக்கே அடிக்காதே, எர்த்து இருக்குதே"ன்னு தனக்குத்தானே பேசிட்டு அங்கியே உக்காந்துட்டா. அரை மணி நேரம். அப்பறம் டார்ச்சடிச்சு அந்த ஸ்க்ரூவப் பாத்தா. வாஷரக் காணோம். மொகம் வெளுத்துப் போச்சுங்க. "நா வாஷர் போடாமயா உட்டேன்?"ன்னா. "வாஷர் இல்லாம ஸ்க்ரூ தளந்து, ஒயர் ஒட்டாம நின்னிருக்கும். வேற எப்படியும் இருக்க முடியாது. என்ற தப்புதானுங்க"ன்னா.

அவளே ஒத்துக்கிட்டா தம்பி. நா ஒரு வார்த்தை சொல்லலை. அவ வாயாலயே சொன்னா. பையன் அம்மா விழுந்ததப் போன்ல கண்ணால பாத்தவன், ஆத்திரத்துல கத்தாருல இருந்தே புகார் எழுதிப் போட்டுட்டான். அதுக்கும் அவ பதில் எழுதிக் குடுத்திருக்கறா, வாஷர் போட மறந்திருக்கலாம்னு. ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை வந்தா. தேவகியோட கட்டில்ல உக்காந்து, நல்லா இருக்கற கையப் புடிச்சுட்டு, மன்னிச்சுருங்கம்மா மன்னிச்சுருங்கம்மான்னு ஒரே அழுகை. இப்ப வேலைக்கே போறதில்லையாமா. ஸ்க்ரூ டிரைவரத் தொடவே மாட்டீங்கறான்னு கடைக்காரரு சொன்னாரு. புருசன் தறிக்குப் போறவன், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. பாவந்தா. நானென்ன கல்லா? ஆனா அவளே ஒத்துக்கிட்டப்பறம் நா நடுவுல போயி என்ன சொல்றது?

என்ன கேட்டீங்க?

நல்லாக் கேக்கறீங்க. விழுந்துட்டே இருந்த ட்ரிப்பு வெள்ளிக்கெழமை எப்படி விழாம நின்னுச்சுன்னா... விசாரிக்கற ஆபீசரும் இதத்தா கேப்பாரு இல்லீங்க? கேப்பாரு. அதத்தா ராத்திரி பகலா நானும் ரோசனை பண்ணிட்டிருக்கறேன். தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்களே ஆபீசர்னு வெச்சுக்குங்க. கேளுங்க, நா பதில் சொல்லிப் பாக்கறேன். சும்மா கேளுங்க, நேரம் போகட்டும்.

பேரு சென்னியப்பனுங்க. அரசு போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டரா இருந்து ஓய்வு. ஆமாங்க, என்ற ஊடுதானுங்க. ஆமாங்க, அவங்கதா மாட்டுனாங்க. அடுத்ததக் கேளுங்க.

அவங்க போனதுக்கப்பறம் அந்த அடுப்ப வேற யாராச்சும் கழட்டினாங்களான்னா...

இல்லீ...

இருங்க. தண்ணி வெச்சிருக்கீங்களா? ம். இன்னொருக்காக் கேளுங்க.

இல்லீங்க. யாரும் தொடலீங்க.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? சரியாத்தான சொன்னேன்? கொரல் சரியில்லையா? மூணு நாளா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாக்கறேன், தனியா இருந்தா வருது. இருபத்தெட்டு வருசத்துல எத்தனை பொய் சொல்லியிருப்பேன், பின்னால வண்டி காலியா வருது, அதுல வாங்கன்னு. ஒருக்காக் கூட நாக்குக் கொழறுனதில்ல.

நீங்க யாரோ நா யாரோ. ஈரோட்டுல காளைமாடு சிலை ஸ்டாப்புல எறங்குனா மறுபடி பாக்கப் போறதில்ல. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல உட்டுருங்க. சித்த கிட்ட வாங்க.

வியாழக்கெழமை மத்தியானம் டீக்கடையில பேச்சுவாக்குல பொலம்புனேன். மில்லுல வேலை செய்யற ஆளு ஒருத்தன் சொன்னான், அதொண்ணும் பெரிய விசயமில்லீங்க, பச்சை ஒயரக் கழட்டி உட்டுட்டா ட்ரிப் விழுகாது, எங்க மில்லுல அப்படித்தா ஓட்டறம்னு. நாலு மணிக்கு ஊட்டுக்கு வந்தேன். தேவகி பூ வாங்கப் போயிட்டா. அடுப்ப இழுத்து, அந்த ஸ்க்ரூவக் கழட்டி, ஒயர மடக்கி உட்டுட்டேன். அவ்வளவுதா தம்பி. அஞ்சு நிமிச வேலை. வாஷரு கீழ விழுந்து எங்கியோ உருண்டு போச்சு, நாந்தேடலை. டேப்பப் பிச்சுட்டு சுவிட்சப் போட்டேன், ஓடுச்சு. எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுங்களா? படிச்ச புள்ள ரெண்டு நாளா முடியாதுன்னத நா அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டேன்னு.

அவ விழுந்தப்ப எல்லாரும் கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. நா ஊட்டப் பூட்டிட்டு வர்றேன்னேன். பூட்டலை. அடுப்புக்குப் பின்னால போயி அந்த ஒயரத் திரும்ப மாட்டுனேன். பாலு சுடச்சுடக் கெடக்குது தரையெல்லாம், அதுல மண்டி போட்டுட்டு மாட்டுனேன். ஸ்க்ரூ ஏற மாட்டீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகறதுக்கு இருவது நிமிசம் லேட்டு. இருவது நிமிசந்தா. அவ அங்க கத்திட்டுக் கெடந்திருக்கறா.

என்னைய அப்படிப் பாக்காதீங்க தம்பி. எனக்கென்ன தெரியும்? மண்ணுக்குப் போற ஒயருன்னுதா தெரியும். எதுக்குப் போகுதுன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாத் தொடுவனா, நாப்பது வருசம் கூட இருந்தவ. இப்பத் தெரியுது. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில உக்காந்து எனக்குத்தா வெளக்கிச் சொன்னா, எர்த்துன்னா என்ன, ட்ரிப்புன்னா என்னன்னு. எர்த்து இல்லாததுனால கரண்டு அம்மா ஒடம்புல போச்சு, போனத ட்ரிப் கண்டுபுடிச்சு அந்த நொடியே நிறுத்திருச்சுன்னா. அழுதுட்டே சொல்றா. நா ஊங்கொட்டிட்டு நின்னேன்.

ட்ரிப்பா? ஆமா, அவதா வெச்சா. அவ வெச்ச ட்ரிப்புதா.

அவதா காப்பாத்துனான்னு சொல்றீங்க. ம்... நா அப்படி நெனைக்கலை. இத்தனை நாளும் சனியன் சனியன்னு அதத்தா திட்டிட்டிருந்தேன்.

அட, ரயில்வே கேட்டு போட்டுட்டாங்களாட்டம் இருக்குது. மணி என்னங்க? பத்தே கால். போயிரலாம். போயிரலாம். போகலைன்னாலும் நல்லதுதா.

சரி, நீங்க சொல்லுங்க, நா என்ன பண்ணட்டும்? அங்க போயி ஒயரக் கழட்டுனது நாந்தான்னு சொல்லட்டுமா? பையன் என்ற மொகத்துல முழிப்பானா? சம்மந்தி ஊட்டுல தலை நிமிந்து நடக்க முடியுமா? அறுபத்திரண்டு வயசுல ஊரே பேசோணுமா, பொண்டாட்டி கைய வெந்து போக வெச்சவன்னு? அவளுக்கென்ன, லைசென்ஸ் போனா வேற வேலைக்குப் போயிக்குவா. சின்ன வயசு. சும்மா சும்மா அவதா காப்பாத்துனா, நீங்கதா கழட்டுனீங்கன்னு சொல்லாதீங்க தம்பி, எனக்குத் தெரியாதா? ஆமாங்க, நாந்தா! பச்சை ஒயரக் கழட்டுனது நாந்தா, திரும்ப மாட்டுனதும் நாந்தா, போதுமா!

...

எஞ்சின எப்ப ஆஃப் பண்ணுனாங்க?

கை காட்டச் சொன்னனே தம்பி. காட்டுனீங்களா? நாம் பாக்கலை.

எல்லாரும் பாக்கறாங்க. திரும்பிட்டா. தம்பி, அவ திரும்பிட்டா. எந்திரிக்கறா. தேவகி, உக்காரு. நா வர்றேன், நீ உக்காரு, கேட்டு தொறந்தா வண்டி எடுத்துருவாங்க, விழுந்துருவே. கேக்க மாட்டீங்கறா. வர்றா. யாருங்க அது, பைய எடுங்க, அவளுக்கு வழி உடுங்க.

தேவகி.

"அந்தப் புள்ள மூணு தடவை எங்கையப் புடிச்சுட்டு அழுதா. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

ஆமா. நின்னேன்.

"ஊட்டப் பூட்டிட்டு வர அத்தனை நேரமான்னு எனக்கு அன்னிக்கே ரோசனை. நா வாயால கேக்கலை. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இருபத்தஞ்சு நாளாப் பாத்துட்டிருக்கறேன்."

தேவகி, ஊரே பாக்குது. உக்காந்து பேசலாம். தம்பி, சித்த எந்திரிக்கறீங்களா, அவ உக்காரட்டும்.

"நா உக்கார வரலை. கை வெந்ததுக்கு நா ஒண்ணுங் கேக்கலை. தெரியாம செஞ்சீங்க. ஆனா தெரிஞ்சுட்டே ஒருத்திய அழுக உட்டீங்களே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க? போனு இந்தாங்க. ஆபீசருக்கு அப்பறம். அந்தப் புள்ளைக்கு மொதல்ல."

நாம் பேசறனா? இங்கயா? இத்தனை பேரு முன்னாலயா?

சரி. சரி, குடு. நீயே நம்பரப் போட்டுட்டியா. அடிக்குது.

அலோ. கோகிலவாணியா? நா சென்னியப்பன் பேசறேன். இல்லம்மா, வந்துட்டுத்தா இருக்கறம். கேட்டுல நிக்கறம். அம்மா கை பரவால்ல. இரு, நீ மன்னிப்பெல்லாங் கேக்காத. நீ கேக்காத அம்மிணி. நாஞ்சொல்றதச் சித்த கேளு.

நீ வாஷர் போட்டிருந்தே. நல்லா முடுக்கித்தா இருந்தே. நாங் கழட்டறதுக்கே என்ற கையி நோவெடுத்துச்சு. ஆமா. நாந்தா. வியாழக்கெழமை சாயந்தரம் நாந்தாங் கழட்டுனேன். அடுத்த நாளு நாந்தாத் திரும்ப மாட்டுனேன். நீ உக்காந்து தேடுனியே, அப்ப உனக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். உன்ற வேலையில ஒரு தப்பும் இல்ல. நா அங்க வந்து ஆபீசருகிட்டயும் சொல்றேன், எழுதிக் குடுக்கறேன்.

அலோ? அலோ, கேக்குதா?

லைன் இருக்குது தேவகி. மூச்சு கேக்குது. பேச மாட்டீங்கறா.

அம்மிணி, வெச்சுறாத. ஏதாச்சும் சொல்லு. நாலு வார்த்தை திட்டிப்போட்டாச்சும் வெய்யி.